அண்ணி ஆசைப்பட்ட மசாஜ் நாற்காலி

என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், கிருஷ்ணகிரியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில்தான் குடியிருந்தார். ஓய்வு பெற்றதும் அதைக் காலி செய்ய வேண்டியிருந்தது. ஓசூரில் பாகலூர் ரோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு குக்கர், ஒரு மாதா படம், இரண்டு தகரப் பெட்டிகளோடு வந்து சேர்ந்தார். எங்கள் மகன் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்ததால் அவனுடைய அறையை அவருக்குக் கொடுத்தோம்.

அவர் வந்தது எனக்குச் சந்தோஷமா சங்கடமா என்று உட்கார்ந்து யோசிக்க அப்போது எனக்கு நேரம் இருக்கவில்லை. நான் சிப்காட்டில் வாகன உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் பகுதியில் வேலை பார்க்கிறேன். வெள்ளை விளக்கின் கீழே ஒரு தட்டில் பித்தளைத் துண்டுகள் வரும். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்துக் கீறல், பிசிறு இருந்தால் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே பார்க்கும் வேலை. சாப்பாட்டுக்கும் டீக்கும்தான் உட்காருவோம். வேலையில் சேர்ந்த புதிதில் கண் வலிக்கும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. குதிகால்தான் போனது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் முதல் அடி வைக்கும்போது ஆணி மேல் மிதித்தது போல இருக்கும். பிறகு முதுகு, அதற்கப்புறம் வலது தோள்பட்டைக்குக் கீழே ஓர் இடம். குனிந்தே இருப்பதால் அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்துத் தைத்ததைப் போல ஒரு வலி நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

அண்ணி வீட்டில் சும்மா இருப்பவர் அல்ல. சமையல் அவருக்கு வராது, மெஸ் சாப்பாட்டிலேயே காலம் தள்ளியவர். ஆனால் மற்றதையெல்லாம் ஒரு வார்டைப் பார்த்துக்கொள்வது போலப் பார்த்துக்கொண்டார். நான் விரித்த படுக்கையைக் கலைத்துவிட்டு அவர் மறுபடி விரிப்பார். போர்வையின் முனைகளை மடித்து மெத்தைக்கு அடியில் இழுத்துச் செருகிவிடுவார். அதற்குள் படுத்தால் காலை அசைக்க முடியாது. தினமும் இரவு நான் அதை உதைத்துப் பிரித்துவிட்டுத்தான் தூங்குவேன். அவரிடம் அதைச் சொன்னதில்லை. அவரும் நானும் பேசிக்கொள்வதே, அரிசி தீர்ந்துவிட்டது, தண்ணி வண்டி வந்தது என்கிற அளவில்தான் இருந்தது.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போன பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது அவர் தன் தம்பியைப் பார்த்து, தனக்கு ஒரு மசாஜ் நாற்காலி வாங்க வேண்டும் என்றார். கூட வேலை பார்த்த ஒருவரின் மகள் கல்யாணத்துக்குப் பெங்களூர் போனபோது, மாலில் காசு போட்டால் ஓடும் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து பார்த்தாராம். அதிலிருந்தே ஆசையாம். ரிட்டயர்டு பணத்தில் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன், வேறு செலவு எனக்கு என்ன இருக்கிறது என்றார்.

என் கணவர் உடனே சரி என்றார். அக்கா எதையும் கேட்டு அவர் பார்த்ததில்லை. எனக்கு முதலில் ஹால்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் ஹாலில் ஒரு சோபா, டிவி, துணி காயப்போடும் ஸ்டாண்டு, அவ்வளவுக்குத்தான் இடம். இரண்டாவதாக வந்த நினைப்பு அவ்வளவு நல்லதில்லை. நாள் முழுக்க நிற்கிறவள் நான், வீட்டில் இருக்கிறவருக்கு எதற்கு இது என்று தோன்றியது. பாத்திரம் கழுவும்போது என் கணவரிடம் மெதுவாகச் சொன்னேன், வந்தால் நீயும் உட்கார்ந்துகொள்ளேன் என்று அவர் சிரித்தார். அவர் வேறொரு கம்பெனிக்கு பஸ் ஓட்டுகிறவர். சானமாவு காட்டு வழியாக ஊர் ஊராகப் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருவார். யானை ரோட்டுக்கு வந்துவிட்ட நாட்களில் வண்டியை நிறுத்திவிட்டு சீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். "நான் உக்காந்து உக்காந்தே தேஞ்சவன். எனக்கு நிக்கறதுக்கு ஏதாச்சும் மிஷினு இருந்தா சொல்லு" என்றார்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் அண்ணியும் நானும் ஓசூரில் ஒரு பெரிய வீட்டுச் சாமான் கடைக்குப் போனோம். அவர் தனியாகப் போக வேண்டாம் என்று என் கணவர் என்னை அனுப்பினார். இரண்டாவது மாடியில், ட்ரெட்மில்களுக்கு அடுத்து, ஜன்னல் ஓரமாக நான்கைந்து நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். பல் டாக்டர் நாற்காலியை யாரோ சோறு போட்டு வளர்த்தது போல ஒவ்வொன்றும் அவ்வளவு பெரிதாக இருந்தது. அங்கே நின்றிருந்த விற்பனைப் பெண்ணுக்கு என் வயது இருக்கும். கடைச் சீருடைப் புடவையில் ஒரு பேட்ஜ் குத்தியிருந்தார். பாகலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் என்றார். தெலுங்கு கலந்த தமிழ்.

அண்ணி செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். நாற்காலி மெல்லப் பின்னால் சாய்ந்தது. உள்ளே ஏதோ ஒன்று அவருடைய முதுகை மேலும் கீழும் தடவி அளவெடுத்தது. பிறகு வேலையை ஆரம்பித்தது. அண்ணி நல்ல உயரம், அகலமான உடம்பு. எப்போதும் யாரையோ அதட்டப் போவது போல உதட்டை இறுக்கி வைத்திருப்பார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த உதடு தளர்ந்தது. ஒரு நிமிடம் அந்த முகம் எனக்கு வேறு யாருடையதோ போலத் தெரிந்தது. பக்கத்தில் நின்று பார்ப்பது சரியில்லை என்று பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எழுந்ததும் பழையபடி ஆகிவிட்டார். மோட்டார் எத்தனை வருடம் வரும், ரிப்பேர் ஆனால் ஆள் எங்கிருந்து வருவார், தோல் கிழிந்தால் மாற்ற முடியுமா என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் உக்காந்து பாரு" என்றார்.

வேண்டாம் என்றேன். உட்கார்ந்து பார்ப்பதற்குக் காசா கேட்கிறார்கள் என்றார். விற்பனைப் பெண் என் கொண்டையிலிருந்த கிளிப்பை எடுத்துவிடச் சொன்னார். உட்கார்ந்தேன். முதலில் பயமாகத்தான் இருந்தது. காற்றுப் பைகள் ஊதிக்கொண்டு கெண்டைக்காலை இரண்டு பக்கமும் பிடித்தன. எழ முடியாது போலிருந்தது. பாதத்துக்கு அடியில் உருளைகள் சுற்ற ஆரம்பித்தன. குதிகாலில் பட்டபோது வலியில் பல்லைக் கடித்தேன். அதே நேரம் முதுகில் ஒன்று ஏறி வந்தது. வலது தோள்பட்டைக்குக் கீழே வந்து நின்றது. அந்தக் கல் இருக்கும் இடம் தெரிந்தது போல, அதைச் சுற்றிச் சுற்றி அழுத்தியது. யாராவது எங்கே வலிக்கிறது என்று கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சரியாகக் காட்டத் தெரிந்திருக்காது.

அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். கண் திறந்தபோது நாற்காலி நின்றிருந்தது. அண்ணி ட்ரெட்மில் ஓரத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விற்பனைப் பெண் தூணில் முதுகைச் சாய்த்து, ஒரு கால் மாற்றி ஒரு காலில் நின்றிருந்தார். என் வாயோரம் ஈரமாக இருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு எழுந்தேன். ஒரு முறை ஓடி முடிந்து, தூங்கட்டும் விடுங்கள் என்று அண்ணி சொன்னதால் இரண்டாவது முறையும் ஓட விட்டிருக்கிறார்கள்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது எப்படி இருந்தது என்று அண்ணி கேட்டார். "ஒண்ணும் அப்படிப் பெரிசா இல்ல அண்ணி" என்றேன். அவர் கையை நீட்டி ஓர் ஆட்டோவை நிறுத்தினார்.

திங்கட்கிழமை தட்டின் முன்னால் நின்றபோது அந்த நாற்காலியின் நினைப்பு வந்தது. செவ்வாய்க்கிழமையும் வந்தது. பித்தளைத் துண்டைத் திருப்பிக்கொண்டிருப்பேன், பாதம் தானாக அந்த உருளைகளைத் தேடும். எனக்கே வெட்கமாக இருந்தது. அது அண்ணியின் ஆசை, அண்ணியின் பணம், எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். அண்ணி அடுத்த ஞாயிறும் வேறு ஒரு கடைக்குப் போகலாம் என்றபோது, ஒரே கடையில் பார்த்துவிட்டு வாங்கக் கூடாது, நாலு இடம் பார்க்க வேண்டும் என்று நானும் பெரிய மனுஷி போலச் சொன்னேன். அதன் பிறகு அவர் கூப்பிடாத வாரத்தில் நானே கேட்டேன். ஒவ்வொரு கடையிலும் அவர் எழுந்ததும் நான் உட்கார்ந்தேன். ஒப்பிட்டுப் பார்க்கத்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

ஓசூரில் இருந்த கடைகள் முடிந்ததும், பெங்களூரில் இதற்கென்றே ஒரு ஷோரூம் இருப்பதாக யாரோ சொல்ல, ஒரு விடுமுறை நாளில் மூன்று பேரும் போனோம். கர்நாடக எல்லையில், அத்திப்பள்ளியில் ஏகப்பட்ட நெரிசல். மற்றவர் ஓட்டும் பஸ்ஸில் உட்கார்ந்தால் என் கணவருக்கு இருப்புக்கொள்ளாது. வழி முழுக்கப் பிரேக் பிடிக்க வேண்டிய இடங்களில் தன் காலை ஊன்றிக்கொண்டே வந்தார். ஷோரூமில் முதல் ஆளாக அவரை உட்கார வைத்தோம். இரண்டு நிமிடத்தில் எழுந்துவிட்டார். "டீசல் வண்டிய ஸ்டார்ட்ல உட்டுட்டு ஏறி உக்காந்தா மாதிரி இருக்குது. இதுக்கு எனுக்கு சம்பளம் இல்ல குடுக்கணும்" என்றார்.

அங்கே இருந்த இளைஞர் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பேசினார். அண்ணிக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. எல்லை தாண்டி வரும் நோயாளிகளிடம் பேசிப் பழகியது. இருவரும் வெகுநேரம் பேசினார்கள். உட்கார வைப்பதற்கு முன் அந்த இளைஞர் ஒப்பிப்பது போலச் சில கேள்விகள் கேட்டார். இதயத்தில் கருவி ஏதும் வைத்திருக்கிறதா, சமீபத்தில் ஆபரேஷன் நடந்திருக்கிறதா, எலும்பு பலவீனம் உண்டா. எல்லாவற்றுக்கும் அண்ணி இல்லை இல்லை என்றார். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதமானது. அவருடைய வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

அன்றைக்கு அவர் எந்த நாற்காலியிலும் உட்காரவில்லை. பார்த்தவரை போதும் என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் கணவர் தூங்கிவிட்டார். அண்ணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் குவார்ட்டர்ஸ் குளியலறையில் லேசாக வழுக்கிக் கையை ஊன்றியிருக்கிறார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. அப்படி முறியக்கூடிய விழுதல் இல்லை அது. எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்துப் பார் என்று டாக்டர் அப்போதே சொல்லியிருக்கிறார். அவர் எடுக்கவில்லை.

"ஏன் அண்ணி எடுக்கல?"

"என்னா வரும்னு தெரிஞ்சதுக்கு என்னாத்துக்கு எடுக்கணும்?" என்றார். பிறகு, "ஊரையெல்லாம் டெஸ்ட் எடுன்னு தொரத்துனவ நான்" என்றார்.

அந்த வாரமே நான் பர்மிஷன் போட்டுவிட்டு அவரை ஸ்கேனுக்கு அழைத்துப் போனேன். ரிசல்ட்டைப் பார்த்த பெண் டாக்டருக்கு என் மகனைவிடச் சில வயதுதான் அதிகம் இருக்கும். முதுகெலும்பு ரொம்பவே மெலிந்திருக்கிறது, மாத்திரை ஆரம்பிக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும், விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். மசாஜ் நாற்காலியைப் பற்றி நான்தான் கேட்டேன். முதுகில் உருளை வைத்து அழுத்துவது எதுவும் கூடவே கூடாது என்றார். அண்ணி நைட் ட்யூட்டிக்காரி பகல் ட்யூட்டிக்காரியிடம் சார்ஜ் வாங்குவது போல ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டு, "சரி டாக்டர்" என்று எழுந்தார். வீட்டுக்கு வந்து தம்பியிடம் நாற்காலி விஷயம் முடிந்தது என்று ஒரே வரியில் சொன்னார். மறுநாள் விடியலில் ஷூ மாட்டிக்கொண்டு நடக்கப் போய்விட்டார்.

எனக்கு அவர் மேல் பரிதாபம் வந்தது உண்மை. அதோடு வேறொன்றும் வந்தது. அந்த நாற்காலி இனி நம் வீட்டுக்கு வராது என்ற துக்கம். அவருக்கு இப்படி ஆகிவிட்டதே என்று வருத்தப்பட வேண்டிய நேரத்தில் என் குதிகாலைப் பற்றி நினைக்கிறேனே என்று இருந்தது. என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. என்ன சொல்வது? பெரிசா ஒன்றுமில்லை என்று சொன்னவள் நான்தானே. பிறந்த வீட்டில் ஆறு பேரில் நடுவில் பிறந்தவள். எது வந்தாலும் மற்றவர்களுக்குப் போதுமா என்று பார்த்துவிட்டுத்தான் கை நீட்டிப் பழக்கம். அப்படியே வேலைக்கு வந்து, கல்யாணமாகி, நாற்பது தாண்டியாயிற்று. எனக்கு இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்ட ஒரு பொருளை இப்போது யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை.

அந்த மாதம் கம்பெனியில் ஆர்டர் அதிகம். ஓவர்டைம் ஓடியது. ஒரு நாள் முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் வீட்டுப் பக்கம் போகாமல் கால் அந்தக் கடைப் பக்கம் திரும்பியது. சீருடையைக்கூட மாற்றவில்லை. லிஃப்ட் வேலை செய்யாததால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி ஏறினேன். அதே விற்பனைப் பெண்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, இன்று பெரியம்மா வரவில்லையா என்று கேட்டார். வாங்கப் போவதில்லை என்று அவரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"அதுக்கு என்னாங்கா. கூட்டம் இல்ல, உக்காருங்க" என்றார்.

நீங்கள் இதில் உட்கார்ந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். டெமோ கொடுக்கப் பழகும்போது ஒரு தடவை உட்கார வைத்தார்கள், அதற்கப்புறம் இல்லை என்றார். எங்களுக்கென்று மூலையில் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், ஆனால் கஸ்டமர் வந்தால் எழுந்துவிட வேண்டும், கஸ்டமர் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்றார். அதைக் குறையாகச் சொன்னது போலத் தெரியவில்லை. கிளிப்பை எடுத்துவிடச் சொல்லிவிட்டு சுவிட்சை அழுத்தினார்.

போன் அடித்துத்தான் கண் விழித்தேன். அண்ணி. எங்கே இருக்கிறாய், உன் கம்பெனி பஸ் போய் எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்டார். கடையில் என்றேன். எந்தக் கடை என்றார். மளிகைக் கடை என்று சொல்லியிருக்கலாம். தூக்கக் கலக்கத்தில் பொய் சட்டென்று வரவில்லை.

"சேர் கடையில அண்ணி" என்றேன்.

அங்கேயே இரு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஆட்டோ பிடித்து வந்து, இரண்டு மாடியும் ஏறி, மூச்சு வாங்க என் முன்னால் நின்றார். நான் எழுந்து நிற்கப் பார்த்தேன். விற்பனைப் பெண் மறுபடி ஓட விட்டிருந்த நாற்காலியின் காற்றுப் பைகள் கெண்டைக்காலைப் பிடித்திருந்ததால் முடியவில்லை. சாய்ந்து படுத்த நிலையில் அவரை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. நோயாளிகள் எல்லோரும் இவரை இப்படித்தான் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேன். அழுகை வந்தது.

"எனக்கு வேணும் அண்ணி" என்றேன். "உங்களுக்கு ஆவாதுன்னு ஆன பிறகு இப்படி கேக்கறது தப்புதான். ஆனா எனக்கு வேணும். எனக்கு முடியல."

அவர் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்.

"மொத நாளே எனக்கு தெரியும்" என்றார். "தூங்கறவங்க மூஞ்சிய பாத்துப் பாத்தே வயசானவ நான். நீ தூங்குனது தூக்கமே இல்ல, மயக்கம். நீயா கேக்கட்டும்னுதான் இருந்தன்."

"நான் கேக்காம போயிருந்தா?"

"அதான் இன்னிக்கு கேட்டுட்டியே" என்றார்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் உண்மையாகவே நாற்காலி தேர்ந்தெடுத்தோம். இத்தனை நாள் பார்த்ததெல்லாம் அண்ணியின் உயரத்துக்கு. நான் அவருடைய தோளுக்குக் கொஞ்சம் மேலே வருவேன். விலை கூடிய நாற்காலிகளில் எனக்குக் கால் எட்டவில்லை, குதிகால் உருளைக்கு மேலே நின்றது. சிலவற்றில் தோளைப் பிடிக்க வேண்டியது காதுக்குப் பக்கத்தில் வந்து இடித்தது. விற்பனைப் பெண் பொறுமையாக ஒவ்வொன்றிலும் உட்கார வைத்துப் பார்த்தார். கடைசியில் எல்லாவற்றிலும் சின்னதாக, ஓரத்தில் கிடந்த ஒன்றுதான் சரியாகப் பொருந்தியது. அதில் பாட்டு வராது, சூடு வராது, பேசினால் கேட்கிற வசதி கிடையாது. அண்ணி தன் பணத்தில் வாங்கித் தருவதாகச் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பாதி அவர், பாதி நான் தவணையில் என்று ஆயிற்று. நிறத்தில் கொஞ்சம் தகராறு. எனக்கு அரக்கு நிறம் பிடித்திருந்தது. கறுப்பு வாங்கினால் அழுக்கு தெரியாது என்று என் கணவர் போனில் சொன்னார். அழுக்கானால் நான் துடைக்கிறேன் என்று அண்ணி பதில் சொல்லி வைத்துவிட்டார்.

அதை வீட்டில் சேர்த்ததை நினைத்தால் இப்போதும் களைப்பாக இருக்கிறது. நாங்கள் இருப்பது முதல் மாடி. படிக்கட்டில் நடுவில் ஒரு திருப்பம். நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்து அந்தத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டார்கள். கைப் பகுதியைத் தனியாகக் கழற்றி, எங்கள் வாசல் கதவையும் கீலிலிருந்து கழற்றி, சுவரில் இரண்டு இடம் பெயர்ந்து, ஒருவழியாக உள்ளே வந்தது. சோபா கீழ் வீட்டுக்குப் போனது. டிவி ஒரு மூலைக்கு நகர்ந்தது. இப்போது எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பிளாஸ்டிக் நாற்காலிதான். எல்லோரும் ஹாலின் நடுவில் இருக்கும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். சிலர் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்பார்கள். சிலர் கேட்காமல் போய், வெளியில் பேசுவார்கள்.

வலி போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. குதிகாலில் ஆணி இருக்கத்தான் இருக்கிறது. தோள்பட்டைக் கல் கொஞ்சம் கரைந்தது போல இரண்டு நாள் இருக்கும், ஓவர்டைம் பார்த்தால் திரும்பி வந்துவிடும். எட்டு மணி நேரம் நிற்கிற வேலை மாறாதவரை எந்த நாற்காலியும் என்ன செய்துவிடும்? ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக அடுப்படிக்குப் போன கால் இப்போது முதலில் அங்கே போகிறது. நான் கண் மூடியிருக்கும் அந்த நேரத்தில் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. அண்ணி கேட்க விடுவதில்லை. வார்டில் விசிட்டர் நேரம் முடிந்த பிறகு ஆட்களை வெளியே அனுப்பிய அதே குரலில், "அப்பறம் வா" என்பார். கேட்டு வந்தவர் அவருடைய தம்பியாக இருந்தாலும் அதே குரல்தான்.

அவர் அதில் உட்கார வெகுநாள் மறுத்தார். பிறகு காலை நடையை முடித்துவிட்டு வந்து, சுவிட்ச் அணைந்திருக்கும்போது, பேப்பர் படிக்க உட்கார ஆரம்பித்தார். உட்காரும் முன் ஒவ்வொரு நாளும் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்.

ஒரு நாள் மத்தியானம் நான் அதில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. நாற்காலி முழுதாகச் சாய்ந்து, தலை கீழேயும் கால் மேலேயும் இருக்கிற நிலையில் அப்படியே நின்றுவிட்டது. காற்றுப் பைகள் விட்டுவிட்டன. பக்கவாட்டில் புரண்டு இறங்கியிருக்கலாம். எனக்கு இறங்கத் தோன்றவில்லை. ஃபேன் நின்றதும் அண்ணி அறையிலிருந்து வந்து பார்த்தார். இறக்கிவிடவா என்று கேட்டார். வேண்டாம், வந்துவிடும் என்றேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரால் எனக்கும் சேர்த்து விசிறினார்.

கரண்ட் வர நேரமானது. என்ன தோன்றியதோ, அவராகவே பேசினார். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குப் புண் வராமல் இருக்க அவ்வப்போது புரட்டிப் படுக்க வைத்து, முதுகைத் தேய்த்துப் பவுடர் போட்டுவிடுவார்களாம். அவர் கை வைத்தால் ஒரு புண் வராது என்று டாக்டர்களே சொல்வார்களாம்.

"ஒரு நாளு ட்யூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்தன்" என்றார். "நல்ல வெயில் காலம். குளிச்சுட்டு வந்து, என் முதுகுக்கும் கொஞ்சம் பவுடர் போடலாம்னு பாத்தன். இந்தப் பக்கமா எட்டிப் பாத்தன், அந்தப் பக்கமா எட்டிப் பாத்தன். நடுவுல கை போவல. அன்னிக்கு மட்டும் வார்டுல எத்தினியோ பேருக்குப் போட்டுட்டு வந்திருக்கன். சிரிப்புதான் வந்துச்சு. அப்பறம் ரொம்ப நேரம் கட்டில்லயே உக்காந்திருந்தன்."

தலைகீழாகக் கிடந்துகொண்டு எதைச் சொன்னாலும் சரியாக வராது. "நான் போட்டு விடறன் அண்ணி" என்றேன்.

"மொதல்ல நீ எந்திரிக்க முடியுதான்னு பாரு" என்றார். இருவருமே சிரித்துவிட்டோம்.

அன்று நான் போட்டுவிடவில்லை. கரண்ட் வந்தது, அரிசி ஊறப்போட வேண்டியிருந்தது, அப்படியே மறந்தும் போனேன். வெயில் ஏறிய ஒரு வாரத்தில், எனக்கு இரண்டாவது ஷிப்ட், கிளம்பிக்கொண்டிருந்தேன். அண்ணி குளித்துவிட்டு வந்து, என் அறை வாசலில் நின்று பவுடர் டப்பாவை நீட்டினார். உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் திரும்பி உட்கார்ந்தார். டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்ததால் அழுத்தாமல், உள்ளங்கையால் மட்டும் மெல்லத் தடவினேன். அகலமான முதுகு என்றுதான் எப்போதும் நினைத்திருந்தேன். தொட்டால் தோலுக்கு அடியில் ஒவ்வொரு எலும்பும் தெரிந்தது. நடுவில், அவருடைய கை எட்டாத அந்த இடத்தில், இன்னும் கொஞ்சம் போட்டேன்.

"போதும், பஸ்ஸு வந்துடும்" என்றார்.

கையைக் கழுவிக்கொண்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.